கொக்குக்குத் தட்டு, நரிக்குக் கூஜா: இனச் சமநீதிக்கு ஓர் எளிய அறிமுகம்

நரி கொக்கை விருந்துக்குக் கூப்பிட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அகலமான தட்டில் பாலை ஊற்றிவைத்து, "கூச்சப்படாமல் சாப்பிடு" என்று நரி உபசரிக்கும். நீண்ட அலகை வைத்துக்கொண்டு கொக்கு என்ன செய்யும்? தட்டைக் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டுப் பட்டினியோடு வீடு திரும்பும். அடுத்த நாள் கொக்கின் முறை. குறுகிய கழுத்துள்ள கூஜாவில் ஊற்றி நரியின் முன்னால் வைக்கும். சின்ன வயதில் பழிக்குப் பழி வாங்கியதுதான் இந்தக் கதையின் ருசி என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு விருந்திலும் யாரும் யாருக்கும் அளவு குறைத்து ஊற்றவில்லை. ஒரே பால், ஒரே அளவு, ஒரே மாதிரிப் பாத்திரம். பந்தியில் வஞ்சனை இல்லை என்று இரண்டு பேருமே சத்தியம் செய்யலாம்.

இந்தக் கதை அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றில் வருகிறது என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் என்ற வழக்கு, 1971 மார்ச் 8. இனச் சமநீதி என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவருக்கு இந்த ஒரு வழக்கைச் சொல்லிவிட்டால் பாதி விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வட கரோலினா மாநிலத்தில் டியூக் பவர் நிறுவனத்துக்கு டான் ரிவர் என்ற அனல்மின் நிலையம் இருந்தது. ஊழியர்கள் 95 பேர். அவர்களில் கறுப்பினத்தவர் 14 பேர். நிலையத்தில் ஐந்து பிரிவுகள். கறுப்பினத்தவருக்கு வேலை கிடைத்தது கூலிப் பிரிவில் மட்டும். அந்தப் பிரிவில் ஒருவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த சம்பளம், மற்ற நான்கு பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தைவிடவும் குறைவு. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பார்களே, அது அங்கே சம்பளப் பட்டியலிலேயே எழுதப்பட்டிருந்தது.

1964-ல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. இனம், நிறம், மதம், பாலினம், பிறப்பிட நாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி வேலையில் பாகுபாடு செய்வது சட்டவிரோதம் என்று அதன் ஏழாம் பகுதி சொன்னது. அந்தப் பகுதி நடைமுறைக்கு வந்த நாள் 1965 ஜூலை 2. அதே நாளில் நிறுவனம் புதிய விதி ஒன்றைக் கொண்டுவந்தது. கூலிப் பிரிவைத் தவிர வேறு பிரிவில் புதிதாகச் சேர விரும்புகிறவர் இரண்டு திறனறித் தேர்வுகளில் தேற வேண்டும். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதி 1955 முதலே இருந்தது. இரண்டு விதியிலும் "கறுப்பு", "வெள்ளை" என்ற சொல்லே கிடையாது. எல்லோருக்கும் ஒரே விதி.

ஆனால் அந்த மாநிலத்தில் 1960 மக்கள்தொகைக் கணக்கின்படி உயர்நிலைப் பள்ளியை முடித்திருந்த வெள்ளை ஆண்கள் 34 சதவீதம், கறுப்பின ஆண்கள் 12 சதவீதம். பள்ளிக்கூடங்களே இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்த மாநிலம் அது. கறுப்பினக் குழந்தைகளுக்குத் தரம் குறைந்த பள்ளியைக் கொடுத்துவிட்டு, அவர்கள் பெரியவர்களானதும் "சான்றிதழ் எங்கே?" என்று கேட்பதில் உள்ள வேடிக்கையை நீதிபதிகள் கவனித்தார்கள். இன்னொன்றையும் கவனித்தார்கள். விதி வருவதற்கு முன்பே உள்ளே போய்விட்ட வெள்ளையர்களில் சான்றிதழ் இல்லாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் வேலையை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள், பதவி உயர்வும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படியானால் அந்தச் சான்றிதழ் எந்தத் தகுதியை அளந்தது?

கறுப்பின ஊழியர்கள் 13 பேர் வழக்குப் போட்டார்கள். புதிய விதிகளுக்குப் பின்னால் பாகுபாடு செய்யும் உள்நோக்கம் இருந்ததாகக் கீழ் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. படிப்புக் குறைவான ஊழியர்கள் மேலே படிக்க ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்கைத் தருவதற்குக்கூட அந்த நிறுவனம் முன்வந்திருந்தது. உச்ச நீதிமன்றம் வேறு பாதையில் போனது. நோக்கம் எப்படியும் இருக்கட்டும், விளைவு என்ன? பார்ப்பதற்கு நேர்மையாக இருந்து, நடைமுறையில் ஒரு தரப்பை வெளியே நிறுத்துகிற விதி, அந்த வேலைக்கு உண்மையில் தேவைதான் என்று நிரூபிக்கப்படாவிட்டால் செல்லாது. இதை விளக்கத்தான் தலைமை நீதிபதி வாரன் பர்கர் கதையைத் துணைக்கு அழைத்தார். கொக்குக்கும் நரிக்கும் பால் வைத்தது போன்ற சமவாய்ப்பைச் சட்டம் கேட்கவில்லை. பால் வைக்கும் பாத்திரம் எல்லோரும் பயன்படுத்தக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. தீர்ப்பின் சாரம் இதுதான். எட்டு நீதிபதிகளும் ஒருமனதாகக் கையெழுத்திட்டார்கள்.

சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம்

சமத்துவம் என்றால் எல்லோருக்கும் ஒரே பாத்திரம். சமநீதி என்றால் அவரவர் வாய்க்கு எட்டுகிற பாத்திரம். இரண்டுக்கும் இடையே உள்ள இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது.

பன்முகத்தன்மை என்பது விருந்துக்கு யார் யார் வந்திருக்கிறார்கள் என்ற கணக்கு. ஓர் அலுவலகத்தில் எத்தனை பின்னணிகளிலிருந்து ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் கீழ்த்தட்டில் மட்டும் இருக்கிறார்களா, முடிவெடுக்கும் மேசையிலும் இருக்கிறார்களா என்று பார்ப்பது. உள்ளடக்கல் என்பது வந்தவருக்கு அங்கே வாய் திறக்க இடம் உண்டா என்ற கேள்வி. கூட்டத்தில் ஒருவர் சொன்ன யோசனை காற்றில் போய், பத்து நிமிடம் கழித்து வேறொருவர் அதையே சொன்னதும் எல்லோரும் தலையாட்டினால், அங்கே ஆள் இருக்கிறார், இடம் இல்லை. பன்முகத்தன்மை, சமநீதி, உள்ளடக்கல் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் டிஇஐ (DEI) என்று சுருக்கமாக அழைக்கிறார்கள்.

இந்தச் சொற்களை ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாகப் போட்டு நிறுவனங்கள் நிறையவே குழப்புகின்றன. விளம்பரப் படத்தில் நான்கு நிற முகங்களை வரிசையாகச் சிரிக்க வைத்துவிட்டு "நாங்கள் சமநீதியைக் கடைப்பிடிக்கிறோம்" என்பார்கள். பன்முகத்தன்மையைப் புகைப்படத்தில் காட்டிவிடலாம். சமநீதியைக் காட்டுவதற்குச் சம்பளப் பட்டியல் வேண்டும்.

"இனம்" என்ற சொல்லையும் ஒரு கை பார்த்துவிட வேண்டும். தமிழில் அது நெகிழ்வான சொல். பறவை இனம் என்கிறோம், தமிழினம் என்கிறோம், உறவுக்காரர்களை இனசனம் என்கிறோம். இந்தக் கட்டுரையில் அது தோல் நிறம், முகத்தோற்றம், பூர்விகம் ஆகியவற்றை வைத்து மனிதர்களைப் பிரித்துப் பெயரிட்ட வகைப்பாட்டைக் குறிக்கிறது. இந்த வகைப்பாடு இயற்கை போட்ட கோடு அல்ல. மனிதர்கள் போட்டு, அழித்து, மறுபடி போட்ட கோடு. இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி இரண்டு வழக்குகள்.

அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி குடியுரிமை கோரும் உரிமை "வெள்ளையருக்கும்" ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டும்தான். தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியர் இருபது ஆண்டுகளாக அமெரிக்காவில் வாழ்ந்தவர். தன் தோல் வெள்ளை நிறம்தானே என்று வாதிட்டார். நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, "காக்கேசிய" இனத்தவரே (ஐரோப்பியர் முதலானோருக்கு அக்கால மானுடவியல் வைத்த பெயர்) வெள்ளையர் என்று 1922 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. மூன்றே மாதம் கழித்து, 1923 பிப்ரவரியில் பகத் சிங் திண்ட் வந்தார். பஞ்சாபி சீக்கியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். அக்கால மானுடவியல் நூல்கள் வட இந்தியர்களைக் காக்கேசியர் என்றே வகைப்படுத்தியிருந்தன. சரி, இவர் உள்ளே வந்துவிடுவார் என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை. நூல்கள் என்ன சொன்னால் என்ன, சாதாரண மனிதர் இவரை வெள்ளையர் என்று சொல்ல மாட்டாரே என்றது அதே நீதிமன்றம். இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லேண்ட். ஒருவருக்கு அறிவியல் தடை, இன்னொருவருக்கு வழக்காறு தடை. கோடு கற்பனைதான். ஆனால் அந்தக் கோட்டால் குடியுரிமை போனது நிஜம். இனம் என்பது உயிரியல் உண்மை அல்ல என்று சொல்பவர்களும், இனப் பாகுபாடு உண்மை என்று சொல்பவர்களும் ஒரே ஆட்களாக இருப்பதில் முரண்பாடு எதுவும் இல்லை.

வில்லன் இல்லாத கதை

பாகுபாடு என்றதும் கண் சிவந்த ஒரு முதலாளி நம் மனதில் வருகிறார். அப்படியும் நடந்திருக்கிறது. பிரிட்டனின் பிரிஸ்டல் நகரில் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவரையும் ஆசியரையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ எடுக்க மாட்டோம் என்று வெளிப்படையாகவே இருந்தது. அன்றைய பிரிட்டனில் அது சட்டவிரோதமும் இல்லை. 1963-ல் மக்கள் மாதக்கணக்கில் பேருந்தைப் புறக்கணித்த பிறகே நிறுவனம் இறங்கி வந்தது. ரக்பீர் சிங் என்ற சீக்கியர் வெள்ளையரல்லாத முதல் நடத்துநரானார். இது நேரடிப் பாகுபாடு. கண்ணுக்குத் தெரியும், அதனால் எதிர்த்துச் சண்டை போடவும் முடியும்.

இன்று பெரும்பாலும் நடப்பது வேறு. பாஸ்டன், சிகாகோ நகரங்களில் இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 2004-ல் வெளியானது. ஏறத்தாழ 5,000 போலி விண்ணப்பங்களைத் தயார் செய்து, சுமார் 1,300 வேலை விளம்பரங்களுக்கு அனுப்பினார்கள். படிப்பு, அனுபவம் எல்லாம் ஒப்பிடத்தக்கவை. பெயர் மட்டும் மாறும். எமிலி, கிரெக் போல வெள்ளையர் பெயர் ஒரு பக்கம், லகீஷா, ஜமால் போலக் கறுப்பினத்தவர் பெயர் இன்னொரு பக்கம். வெள்ளையர் பெயருக்குப் பத்து விண்ணப்பம் போட்டால் ஓர் அழைப்பு வந்தது. கறுப்பினத்தவர் பெயருக்குப் பதினைந்து போட வேண்டியிருந்தது. விண்ணப்பத்தைப் புரட்டிய அலுவலர்களில் எத்தனை பேர் தங்களை இனவெறியர் என்று ஒப்புக்கொள்வார்கள்? அநேகமாக ஒருவரும் இல்லை.

மில்வாக்கி நகரில் செய்த இன்னொரு ஆய்வு (2003) இதைவிட வலிக்கும். இளைஞர்களை நேரில் வேலை கேட்க அனுப்பினார்கள். சிலருக்குச் சிறை சென்ற பின்னணி இருப்பதாகச் சொல்லச் சொன்னார்கள். குற்றப் பின்னணி இல்லாத வெள்ளையரை 34 சதவீத இடங்களில் திரும்ப அழைத்தார்கள். குற்றப் பின்னணி உள்ள வெள்ளையரை 17 சதவீத இடங்களில். எந்தக் குற்றப் பின்னணியும் இல்லாத கறுப்பினத்தவரை 14 சதவீத இடங்களில்தான். கடைசி இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. பிற்பாடு அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 108-க்கு சுமார் 83,000 விண்ணப்பங்களை அனுப்பி ஆராய்ந்தார்கள். 2022-ல் வெளியான அந்த முடிவில் கறுப்பினப் பெயர்களுக்கு வந்த அழைப்பு ஏறத்தாழ 2 சதவீதப் புள்ளிகள் குறைவு. ஆனால் இந்த இழப்பு எல்லா நிறுவனங்களிலும் சமமாகப் பரவியிருக்கவில்லை. ஐந்தில் ஒரு பங்கு நிறுவனங்களே ஏறத்தாழ பாதி இழப்புக்குக் காரணம். ஆள் எடுக்கும் வேலையை ஒவ்வொரு கிளை மேலாளரின் இஷ்டத்துக்கும் விடாமல் ஒரே இடத்திலிருந்து நடத்தும் நிறுவனங்களில் பாகுபாடு குறைவாகக் காணப்பட்டது. மனிதரின் மனதை மாற்றுவது பெரிய வேலை. நடைமுறையை மாற்றுவது அவ்வளவு பெரிய வேலை அல்ல.

அலுவலக வாசலுக்கு வருவதற்கு முன்பே கணக்கு கோணலாகிவிடுவதும் உண்டு. அமெரிக்காவில் 1930-களில் அரசு அமைப்புகள் நகரங்களின் வரைபடங்களில் பேட்டைகளைத் தரம் பிரித்து நிறம் தீட்டின. கறுப்பினத்தவர் வாழ்ந்த பேட்டைகள் பெரும்பாலும் சிவப்பு, அதாவது கடன் கொடுக்க ஆபத்தான இடம். 1934-ல் அமைக்கப்பட்ட கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும் இத்தகைய இடங்களின் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. இதைத் தடுக்கும் சட்டம் 1968-ல்தான் வந்தது. ஒரு தலைமுறை வீடு வாங்க முடியாமல் போனால் அடுத்த தலைமுறைக்கு அடகு வைக்க வீடு இல்லை, கல்லூரிக்குப் பணம் இல்லை, தொழில் தொடங்க முதல் இல்லை. முதல் கோணல் முற்றும் கோணல் என்பது குடும்பச் சொத்துக்கு அப்படியே பொருந்தும். அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் சொத்து வரிசையில் சரியாக நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் நிகர சொத்து 2,85,000 டாலர். அதேபோல் நடுவில் நிற்கும் கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். இன்றைய வங்கி அலுவலர் ஒருவரும் தப்பே செய்யாமல் நாளைக்கும் இந்த வித்தியாசம் தொடர முடியும்.

கருவியும் பார்க்கும் நிறம்

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியைக் கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்தோம். ஒளியைத் தோல் வழியாகச் செலுத்தி அளப்பது அதன் வேலை. கறுத்த தோலில் அது சில நேரம் அளவைக் கூட்டிக் காட்டுகிறது. 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கருவி திருப்திகரமான அளவைக் காட்டியபோதும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 சதவீதம், வெள்ளை நோயாளிகளில் 3.6 சதவீதம். கருவிக்கு வெறுப்பு கிடையாது. அதைச் சோதித்துப் பார்த்தபோது யாருடைய விரல்கள் மேசையில் இருந்தன என்பதுதான் கேள்வி.

முகம் அறியும் மென்பொருள்களிலும் இதே கதை. ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-ல் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வெளிர்நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது.

பன்முகத்தன்மைக்கு என்னால் முழு மனதோடு சொல்ல முடிகிற வாதம் இதுதான். ஒரே மாதிரி ஆட்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் அறையில் சில கேள்விகள் எழவே எழாது. "பல இனத்தவர் இருந்தால் லாபம் கூடும்" என்று ஆலோசனை நிறுவனங்கள் அடிக்கடி சொல்லும் வாதத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அந்த ஆய்வுகளில் எது காரணம், எது விளைவு என்று தெளிவில்லை. வேறு ஆய்வாளர்கள் அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தபோது அதே விடை வரவும் இல்லை. நியாயத்தை லாபத்தின் தோளில் ஏற்றிவைத்தால், லாபம் சறுக்கும் நாளில் நியாயமும் சேர்ந்து விழும்.

எண்ணம் நல்லது, விளைவு?

இந்தத் துறையில் எனக்கு மிகவும் சுவாரஸ்யமான பகுதி, நல்லெண்ணத்தோடு செய்த காரியங்கள் எப்படியெல்லாம் திசை மாறின என்பதுதான்.

வேலை விண்ணப்பத்தில் "குற்ற வழக்கு உண்டா?" என்று கேட்கும் கட்டத்தை நீக்கச் சொல்லி அமெரிக்காவின் பல இடங்களில் சட்டம் வந்தது. சிறை சென்று திரும்பியவருக்கு ஒரு வாய்ப்பு கொடுக்கத்தான். நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் சட்டத்துக்கு முன்னும் பின்னும் போலி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். முன்பு வெள்ளையருக்கு வந்த அழைப்பு கறுப்பினத்தவருக்கு வந்ததைவிட 7 சதவீதம் அதிகம். கட்டம் போன பிறகு 43 சதவீதம் அதிகம்! கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததை முதலாளிகள் தோல் நிறத்தை வைத்து ஊகித்துக்கொண்டார்கள்.

பிரான்சில் பெயரை மறைத்த விண்ணப்பங்களைச் சோதித்தார்கள். குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அது உதவும் என்று எதிர்பார்ப்பு. நடந்தது தலைகீழ். இந்தச் சோதனைக்குத் தாமாக முன்வந்தவை ஏற்கெனவே திறந்த மனதுள்ள நிறுவனங்கள். பெயர் தெரிந்தபோது அவை விண்ணப்பத்தில் உள்ள சின்னக் குறைகளைச் சூழ்நிலையோடு சேர்த்துப் புரிந்துகொண்டிருந்தன. பெயர் மறைந்ததும் குறை மட்டும் மிஞ்சியது.

அமெரிக்கக் கால்பந்து லீகில் 2003 முதல் ரூனி விதி என்று ஒன்று உண்டு. தலைமைப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணலுக்கு அழைத்தே ஆக வேண்டும் என்று அது தொடக்கத்தில் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் ஆளை முன்பே முடிவு செய்துவிட்டு, கணக்குக் காட்டுவதற்காக ஒருவரை வரவழைக்கும் கண்துடைப்பு நேர்காணல்கள் நடப்பதாகக் குற்றச்சாட்டு எழுந்து, 2022-ல் நீதிமன்றம் வரை போனது. ஒப்புக்கு அழைக்கப்பட்டவருக்கு அது அழைக்கப்படாமல் இருப்பதைவிடக் கசப்பு.

கட்டாயப் பயிற்சி வகுப்புகளும் அப்படியே. அரை நாள் உட்கார வைத்து "பாரபட்சம் காட்டாதீர்கள்" என்று பாடம் எடுத்தால் மேலாளர்கள் திருந்துவார்கள் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா காலெவ் என்ற சமூகவியலாளர்கள் நூற்றுக்கணக்கான அமெரிக்க நிறுவனங்களின் பல ஆண்டுப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். கட்டாயப் பயிற்சிக்குப் பிறகு மேலாளர் பதவிகளில் சிறுபான்மையினர் பெருகவில்லை, சில பிரிவினர் குறைந்தேகூடப் போயிருந்தார்கள். மாறாக, மூத்தவர் ஒருவர் இளையவர் ஒருவரைக் கைபிடித்து வழிகாட்டும் திட்டம், முன்னேற்றத்தைக் கணக்கெடுத்துப் பார்க்கும் பொறுப்பான குழு ஆகியவற்றால் பலன் தெரிந்தது. யாரும் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பாடம் நடத்துவதை விரும்புவதில்லை. ஆனால் தான் வளர்த்துவிட்ட ஒருவருக்காக யாரும் பரிந்து பேசுவார்கள்.

இதைவிட எளிய வழியும் ஒன்று இருக்கிறது. நேர்காணலுக்கு வரும் எல்லோரிடமும் அதே கேள்விகளை, அதே வரிசையில் கேட்டு, முன்கூட்டியே வகுத்த அளவுகோலில் ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே மதிப்பெண் போடுவது. "பேசிப் பார்த்தேன், ஆள் நமக்கு ஒத்துவருவார்" என்ற உள்ளுணர்வு நேர்காணலைவிட இந்த முறை வேலைத்திறனைச் சரியாகக் கணிக்கிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. "ஒத்துவருவார்" என்பதற்குப் பல நேரங்களில் "நம்மைப் போலவே பேசுகிறார்" என்பதற்கு மேல் பொருள் இல்லை.

ஒதுக்கீடா, ஓரவஞ்சனையா?

இங்கேதான் சண்டை சூடுபிடிக்கும். முந்தைய அநியாயத்தைச் சரிசெய்ய இன்று இனத்தைக் கணக்கில் எடுக்கலாமா? எடுத்தால் அதுவே இன்னொரு பாகுபாடு ஆகாதா?

அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் 1965 ஜூன் 4 அன்று ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பேசியது ஒரு பக்கத்தின் வாதம். ஆண்டாண்டாகச் சங்கிலியால் கட்டப்பட்டவரை அவிழ்த்துவிட்டு, ஓட்டப்பந்தயக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தி, இனி நீ மற்றவர்களோடு போட்டி போடலாம் என்று சொல்வது நியாயம் ஆகாது என்றார். மறு பக்கத்தின் வாதமும் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. இன்று பந்தயத்துக்கு வரும் வெள்ளை இளைஞன் யாரையும் கட்டிப்போடவில்லை, அவனும் ஏழையாக இருக்கலாம். சட்டம் தனிமனிதரைப் பார்க்க வேண்டுமா, குழுவைப் பார்க்க வேண்டுமா என்பதுதான் உள்ளே ஓடும் கேள்வி.

அமெரிக்க நீதிமன்றங்கள் இதற்கு ஒரே பதிலைச் சொன்னதில்லை. கல்லூரிச் சேர்க்கையில் இனவாரியாக இத்தனை இடம் என்று ஒதுக்குவது கூடாது, ஆனால் இனத்தைப் பல அம்சங்களில் ஒன்றாகக் கருதலாம் என்று 1978-ல் பாக்கி வழக்கில் தீர்ப்பு வந்தது. 2023 ஜூனில் ஹார்வர்டு வழக்கின் தீர்ப்பு அந்தக் கதவையும் ஏறக்குறைய மூடிவிட்டது. அரசு ஒப்பந்த நிறுவனங்கள் சமவாய்ப்புக்கு முனைந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று ஜான்சன் 1965-ல் போட்ட ஆணையை 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் ரத்து செய்தார். கிரிக்ஸ் வழக்கிலிருந்து வந்த விளைவுக் கோட்பாட்டை அமல்படுத்துவதைக் குறைக்கச் சொல்லி ஏப்ரலில் இன்னோர் ஆணை. ஆனால் அந்தக் கோட்பாடு 1991-லேயே நாடாளுமன்றச் சட்டமாகிவிட்டது. அதிபரின் ஆணையால் சட்டத்தை அழிக்க முடியாது.

மற்ற நாடுகள் வேறு வழிகளில் போயிருக்கின்றன. மறைமுகப் பாகுபாடு பிரிட்டனில் 1976 முதல் சட்டத்தில் உண்டு. தலைப்பாகை கூடாது என்ற பள்ளி விதி சீக்கிய மாணவனை வெளியே நிறுத்துகிறது என்று 1983-ல் மாண்ட்லா வழக்கில், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை சொன்னது அதன் அடிப்படையில்தான். தென்னாப்பிரிக்கா 1998-ல் வேலைச் சமநீதிச் சட்டத்தை இயற்றியது. அங்கே ஒதுக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையினர் என்பதால் கேள்வியின் வடிவமே வேறு. ஐ.நா. 1965-ல் ஏற்ற இனப் பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை, பின்தங்கிய பிரிவினருக்கான சிறப்பு நடவடிக்கைகளைப் பாகுபாடாகக் கருத முடியாது என்கிறது. ஆனால் நோக்கம் நிறைவேறிய பின் அவற்றைத் தொடரக் கூடாது என்று நிபந்தனையும் போடுகிறது.

இத்தனை சண்டையிலும் ஒன்று மறந்துபோகிறது. சமநீதி என்றாலே ஒதுக்கீடு என்பது இல்லை. டான் ரிவர் மின் நிலையத்தில் யாருக்கும் இடம் ஒதுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடவில்லை. வேலைக்குத் தேவையில்லாத நிபந்தனையை எடுக்கச் சொன்னது. சான்றிதழ் இல்லாத ஏழை வெள்ளையருக்கும் அதனால் கதவு திறந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

உங்கள் அலுவலகத்தில் பாத்திரம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு கச்சாவான அளவுகோல் உண்டு. அமெரிக்க அரசு 1978-ல் வகுத்த நெறிமுறையில் வருவது, ஐந்தில் நான்கு பங்கு விதி என்பார்கள். ஒரு பிரிவினரில் 100 பேர் விண்ணப்பித்து 60 பேர் தேர்வானால் விகிதம் 60 சதவீதம். இன்னொரு பிரிவினரில் 50 பேர் விண்ணப்பித்து 20 பேர் தேர்வானால் 40 சதவீதம். 40-ஐ 60-ஆல் வகுத்தால் 67 சதவீதம். இது 80-க்குக் கீழே இருப்பதால் ஆராய வேண்டும் என்று பொருள். பாகுபாடு நடந்துவிட்டது என்பதற்கு இதுவே நிரூபணம் ஆகாது. காய்ச்சல்மானி போலத்தான், நோயின் பெயரை அது சொல்லாது.

ஒட்டுமொத்தமாக ஒரே ஒரு முறை கணக்குப் போட்டு நிறுத்திவிட வேண்டாம். விண்ணப்பித்தவர், முதல் வடிகட்டலைத் தாண்டியவர், நேர்காணலுக்கு வந்தவர், வேலை பெற்றவர், மூன்று ஆண்டில் பதவி உயர்வு பெற்றவர், ராஜினாமா செய்தவர் என்று படிப்படியாகப் பிரித்தால் எந்தப் படியில் சறுக்கல் என்று தெரியும். விண்ணப்பமே வரவில்லை என்றால் விளம்பரம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். வடிகட்டலில் விழுந்தால் எந்த நிபந்தனை விழவைத்தது என்று பார்க்க வேண்டும். அந்த நிபந்தனை இல்லாத பழைய ஊழியர்கள் அதே வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று விசாரிக்கலாம், டான் ரிவரில் நீதிபதிகள் செய்தது போல. சேர்ந்தவர்கள் ஓராண்டில் கிளம்பிவிடுகிறார்கள் என்றால் பிரச்சினை ஆள் எடுப்பதில் இல்லை.

சின்ன அலுவலகத்தில் இந்தக் கணக்கு எளிதில் ஏமாற்றும். ஒரு பிரிவினரில் ஐந்தே பேர் விண்ணப்பித்திருந்தால் ஒருவர் உள்ளே வருவதும் வராததும் விகிதத்தை 20 புள்ளி தூக்கியடிக்கும். அப்படிப்பட்ட இடங்களில் மூன்று, நான்கு ஆண்டுக் கணக்கைச் சேர்த்து வைத்துக்கொண்டு பார்ப்பதுதான் சரி.